கணினிக் கேள்வி–பதில்: கோப்புறை இருக்கிறதா, இல்லையா?

இம்மாதம் வன்னியிலிருந்து வந்த கடிதங்களுள் பல ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும் செய்நிரல், பணிசெயல் முறைமை மாறியதும், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோப்புறையை இல்லை என்கிறது. அல்லது இல்லாததை இருக்கிறது என்கிறது. ஆகையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பின் உறுப்பினர்கள் ஒவ்வொரு போகத்திலும் விதைத்த ஏக்கர், பெற்ற உரம், விளைந்த நெல் மூடை ஆகியவற்றைப் பதியும் செய்நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். போகத்துக்கு ஒரு கோப்புறை. என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு லினக்ஸ். அமைப்பின் அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ். ‘எஃப்ஓபன்’ சார்பால் கோப்புறையைத் திறந்து பார்த்து, திறந்தால் அது இருக்கிறது என்று கொள்கிறேன். உபுண்டுவில் இது சரியாக வேலை செய்கிறது. விண்டோஸில் இருக்கும் கோப்புறையையும் இல்லை என்கிறது. இரண்டிலும் மாற்றமின்றி ஓடும் வழி எது? அந்தப் பகுதியின் நிரலையும் இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் செய்நிரல், “இதைத் திறக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு, கிடைத்த விடையை “இது இருக்கிறதா?” என்பதற்கான விடையாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரு கோப்புறையை வாசிப்பதற்காகத் திறக்கச் சொன்னால் ‘எஃப்ஓபன்’ திறந்து கொடுத்துவிடும். அதிலிருந்து எதையாவது வாசிக்க முயலும்போதுதான் இது கோப்புறை என்ற பிழை எழும். விண்டோஸில் அதே சார்பு, அனுமதி இல்லை என்று தொடக்கத்திலேயே மறுத்துவிடும். அந்த மறுப்பைத்தான் நீங்கள் ‘இல்லை’ என்று வாசித்திருக்கிறீர்கள். உபுண்டுவில் கிடைத்த சரியான விடையும் தற்செயலானதே. அதே பெயரில் ஒரு சாதாரண கோப்பு இருந்திருந்தாலும் உங்கள் நிரல் ‘இருக்கிறது’ என்றே சொல்லியிருக்கும்.

சி மொழியின் தரநிலை கோப்பை அறியும், கோப்புறையை அறியாது. 1989 இல் வெளிவந்த முதல் தரநிலை தொடங்கி இன்றுவரை, கோப்புறை ஒன்றை உருவாக்கவோ, பட்டியலிடவோ, இருக்கிறதா என்று கேட்கவோ அதன் நூலகத்தில் ஒரு சார்பும் இல்லை. எனவே தூய சி மொழியில் நீங்கள் கேட்கும் ஒரே வழி கிடையாது. அந்தந்தப் பணிசெயல் முறைமை தரும் சார்புகளைத்தான் நாட வேண்டும்.

லினக்ஸிலும் மாக்கிலும் அது ‘ஸ்டாட்’. பாதையை அதற்குக் கொடுத்தால் ஓர் அமைப்பை நிரப்பித் தரும். அதிலுள்ள பயன்முறை மதிப்பை ‘எஸ்_இஸ்டிர்’ என்ற மாக்ரோவுக்குக் கொடுத்தால், கோப்புறையா என்பது தெரிந்துவிடும். விண்டோஸின் விஷுவல் சி++ இலும் ‘ஸ்டாட்’ என்ற பெயரில் ஒரு சார்பு உண்டு என்பதால் பலர் இதை அப்படியே கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ‘எஸ்_இஸ்டிர்’ மாக்ரோ இல்லை; நிரல் தொகுபடாது. மாக்ரோவை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டாலும், பழைய நூலகங்களில் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தாலே அச்சார்பு தோல்வி கண்டுவிடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் நமக்கென்றே இருக்கிறது. விண்டோஸில் சாதாரண எழுத்துச் சரத்தால் தரப்படும் பாதை, அக்கணினியின் பழைய குறியீட்டுப் பக்கத்தின்படி, அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய அட்டவணையின்படி, வாசிக்கப்படுகிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு அத்தகைய பக்கங்கள் உண்டு; தமிழுக்கு இல்லை. விண்டோஸில் தமிழ் யூனிக்கோட் வழியாக மட்டுமே வந்தது. எனவே தமிழில் பெயரிட்ட கோப்புறை கண்முன்னே இருந்தாலும் அச்சார்பு அதைக் காணாது. விண்டோஸ் 10 இன் 1903 ஆம் பதிப்பிலிருந்து, செய்நிரலின் விவரங்களைச் சொல்லும் மனிஃபெஸ்ட் கோப்பில், யூனிக்கோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையைக் குறிப்பிட்டு இதை மாற்ற முடிகிறது. ஆனால் அலுவலகக் கணினி எவ்வளவு பழையது என்பது நம் கையில் இல்லாதபோது, ‘கெட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ்’ சார்பின், யூனிக்கோட் பாதையை ஏற்கும் டபிள்யூ வடிவத்தை அழைத்து, கிடைக்கும் மதிப்பு தோல்விக்குறி அல்ல என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அதில் கோப்புறைக்கான பிட் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

இவ்விரண்டையும் செய்நிரலின் நடுவே அங்கங்கே தூவாதீர்கள். ஒரு தலைப்புக் கோப்பில் உங்களுக்கு விருப்பமான பெயரில் ஒரே சார்பை அறிவித்து, விண்டோஸுக்கு ஓர் உடலும் மற்றவற்றுக்கு ஓர் உடலுமாக, தொகுக்கும்போதே தெரிவாகும்படி எழுதிவிடுங்கள். மற்ற வரிகள் எந்த முறைமையில் ஓடுகின்றன என்பதை அறியவே வேண்டியதில்லை.

சி++ க்கு மாற முடியுமானால் வேலை பாதியாகக் குறையும். சி++ 17 தரநிலையில் ‘ஃபைல்சிஸ்டம்’ நூலகம் சேர்ந்தது. பூஸ்ட் என்ற சி++ நூலகத் தொகுப்பில் பல ஆண்டுகள் புழங்கிய பிறகே தரநிலைக்குள் வந்ததால் அது பண்பட்ட நூலகம். அதிலுள்ள ‘இஸ்_டிரெக்டரி’, நீங்கள் கேட்ட கேள்விக்கு எல்லா முறைமைகளிலும் ஒரே வரியில் விடை தரும். நிரலைத் தொகுக்க ஜிசிசி 8 ஐப் பயன்படுத்தினால் அந்த நூலகத்தைத் தனியாக இணைக்க வேண்டும். 9 முதல் அது தேவையில்லை.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்கு விடை. ஆனால் உங்கள் நிரலைப் பார்த்த பிறகு, அக்கேள்வியையே கேட்காமல் விடுவது நல்லது என்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கோப்புறை இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் உருவாக்குவதற்காக. பார்ப்பது ஒரு கணம். உருவாக்குவது இன்னொரு கணம். இடையில் அதே செய்நிரலை இன்னொருவர் அடுத்த கணினியிலிருந்து, அதே பகிர்வுக் கோப்புறையில் இயக்கியிருக்கலாம். கூட்டுறவுக் கடையில் யூரியா இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டறிந்துவிட்டுச் சைக்கிளை எடுப்பவருக்கு, போய்ச் சேரும் வேளையில் அது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே கேட்காமல் உருவாக்க முயலுங்கள். உருவானால் நன்று. உருவாகாவிட்டால், தோல்விக்கான காரணத்தை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலையைத் தொடருங்கள். இல்லாவிட்டால், எடுத்து வைத்த காரணத்தைப் பயனருக்குக் காட்டுங்கள்.

இந்த வரிசை முக்கியமானது. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழைக்குறி வந்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அது இரு பக்கமும் பிழைக்கும். அதே பெயரில் ஒரு சாதாரண கோப்பு இருந்தாலும், கோப்புறையை உருவாக்கும் சார்பாகிய ‘எம்கேடிர்’ அதே குறியைத்தான் தரும். மறுபுறம், விண்டோஸில் ஒரு வட்டின் வேரையே உருவாக்கச் சொன்னால், அது இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற குறி வரும். பைதனின் ‘மேக்டிர்ஸ்’ சார்பும் இதே காரணத்தால் பிழைக்குறியை நம்பாமல், தோல்விக்குப் பின் கோப்புறையா என்று பார்க்கும்படியே எழுதப்பட்டிருக்கிறது. ‘எம்கேடிர்’ லினக்ஸில் பாதை, அனுமதி என்ற இரண்டு உள்ளீடுகளைப் பெறும்; விண்டோஸில் பாதை மட்டும். அதையும் அதே தலைப்புக் கோப்புக்குள் மறைத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய நிரலில் இன்னொன்று கண்ணில் பட்டது. காலபோகத்துக்கான கோப்புறையின் பெயரை, நாம் வழக்கமாக எழுதுவதுபோல, ‘2024/25’ என்று அமைத்திருக்கிறீர்கள். அந்தச் சாய்கோடு லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் பாதையைப் பிரிக்கும் குறி. 2024 என்ற கோப்புறைக்குள் 25 என்ற கோப்புறையை உருவாக்கச் சொல்கிறீர்கள் என்றே இரண்டும் புரிந்துகொள்ளும். 2024 இல்லாதபோது ‘எம்கேடிர்’ தோற்கும். சி++ இன் ‘கிரியேட்_டிரெக்டரீஸ்’ஸோ ஒரு குறையும் சொல்லாமல் இரண்டு அடுக்காக உருவாக்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்தானது. ஆண்டுகளுக்கிடையே சிறுகோட்டை இடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஓர் ஆசிரியை

கேள்வி: உயர்தர மாணவருக்குப் பைதன் கற்பிக்கிறேன். கோப்புறையா என்று பார்க்கும் ‘இஸ்டிர்’ சார்பு பொய் என்று தந்தால் கோப்புறை இல்லை என்று சொல்லிக்கொடுக்கலாமா? எங்கள் கணினிக் கூடத்தில் உபுண்டு நிறுவிய ஒரு கணினியில், என் கணக்கிலுள்ள ஒரே கோப்புறைக்கு, என் கணக்கில் உண்மை என்றும் மாணவர் கணக்கில் பொய் என்றும் விடை வருகிறது. பைதன் எங்கும் ஒன்றுபோல நடக்கும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

பதில்: பைதன் ஒன்றுபோலத்தான் நடந்திருக்கிறது, ஆசிரியை அவர்களே. அனுமதிதான் வேறுபட்டது. உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கப்படும் ஒருவரின் இல்லக் கோப்புறைக்குள் மற்றப் பயனர் நுழைய முடியாது. நுழைய முடியாத இடத்துக்குள் இருப்பதைப் பற்றி மாணவரின் செய்நிரல் கேட்டபோது, முறைமை இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல உனக்கு அனுமதி இல்லை என்றது. ‘இஸ்டிர்’ உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளைத் தரக்கூடியது. ஆகவே உண்மை அல்லாத எல்லாவற்றையும் பொய்க்குள் போட்டுவிடுகிறது.

மாணவர்க்குச் சொல்ல வேண்டியது இதுவே: கோப்புறை இருக்கிறதா என்ற கேள்விக்கு விடைகள் மூன்று. இருக்கிறது, இல்லை, அறிய முடியவில்லை. ஜாவாவின் ‘ஃபைல்ஸ்’ வகுப்பில் இருக்கிறதா என்று கேட்க ஒரு முறையும் இல்லையா என்று கேட்க வேறொரு முறையும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதும், ஒரே பாதைக்கு இரண்டும் பொய் என்று தரக்கூடியவையாக இருப்பதும் இந்த மூன்றாவது விடைக்காகத்தான். வகுப்பறையில் இயக்கிக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

பைதனில் மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டுமானால், ‘ஓஎஸ்’ தொகுதியின் ‘ஸ்டாட்’ சார்பைத் ‘ட்ரை’ பகுதிக்குள் அழையுங்கள். 2012 இல் வந்த பைதன் 3.3 முதல், கோப்பு காணப்படவில்லை என்பதற்கு ஒரு விதிவிலக்கு, வழியில் உள்ள ஒரு பெயர் கோப்புறையே அல்ல என்பதற்கு ஒன்று, அனுமதி இல்லை என்பதற்கு ஒன்று எனத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் வந்தால் ‘இல்லை’. மூன்றாவது வந்தால் ‘அறிய முடியவில்லை’. ஒரு கோப்புறையை உறுதிசெய்துகொள்வது மட்டும்தான் நோக்கம் என்றால், இவை எதுவும் வேண்டாம்: ‘மேக்டிர்ஸ்’ சார்புக்கு ‘எக்ஸிஸ்ட்_ஓகே’ என்பதை உண்மையாகக் கொடுங்கள். பைதன் 3.2 முதல் இது உண்டு. அதே பெயரில் கோப்பு இருந்தால் அது பிழை எழுப்பும். அது சரியான நடத்தையே.

சி++ எழுதும் வாசகருக்கும் இங்கே ஒரு குறிப்பு. ‘ஃபைல்சிஸ்டம்’ நூலகத்தில் ஒரு பாதையின் வகையைத் தரும் ‘ஸ்டேட்டஸ்’ சார்புக்குப் பிழைக்குறி மாறியைக் கொடுத்து அழைத்தால், கோப்புறை இல்லாத சாதாரண நிலையிலும் அந்த மாறியில் ஒரு குறி ஏறக்கூடும். ஆகவே முதலில் கிடைத்த வகை ‘காணப்படவில்லை’யா என்று பாருங்கள், பிறகு பிழைக்குறியைப் பாருங்கள். வரிசையை மாற்றினால், வெறுமனே இல்லாத கோப்புறையையும் கோளாறு என்று அறிவிப்பீர்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி

கேள்வி: மாவட்ட வாரியாகப் படங்களைச் சேமித்த சிப் கோப்பு ஒன்றை நண்பரின் பழைய மாக் கணினியிலிருந்து பெற்று, லினக்ஸில் விரித்தேன். கோப்புறைகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. என் செய்நிரல் ‘வவுனியா’, ‘மன்னார்’, ‘முல்லைத்தீவு’ மூன்றையும் கண்டுபிடிக்கிறது. ‘கிளிநொச்சி’யை மட்டும் இல்லை என்கிறது. திரையில் பார்க்கிறேன், ஓரெழுத்தும் பிசகவில்லை. அனுமதியும் சரியாகவே இருக்கிறது.

பதில்: காரணம் ‘நொ’ என்ற எழுத்தில் இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட நான்கு பெயர்களுள் கிளிநொச்சிக்கு மட்டுமே இந்தச் சிக்கல் வரக்கூடியது என்பதை உங்கள் கடிதத்தை வாசித்தவுடனே காண முடிந்தது.

யூனிக்கோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். அதற்கென்று ஒரே குறியெண் உண்டு. எகரத்தின் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து இட்டாலும் அதே வடிவம் திரையில் தோன்றும். இவ்விரண்டும் சமம் என்று யூனிக்கோட் தரநிலையே சொல்கிறது. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் இதே நிலை. ஆனால் பைட்டுகளாகப் பார்த்தால் அவை வேறு. முதல் விதத்தில் ‘கிளிநொச்சி’ 10 குறியெண்கள், யூடிஎஃப்-8 இல் 30 பைட்டுகள். இரண்டாவது விதத்தில் 11 குறியெண்கள், 33 பைட்டுகள். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட்டுகளாகவே பார்க்கிறது. 30 பைட்டுப் பெயரைத் தேடினால் 33 பைட்டுப் பெயர் அதற்கு வேறொன்று. விண்டோஸின் கோப்பு முறைமையாகிய என்டிஎஃப்எஸ்ஸும் இவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை.

மாக்கின் பழைய கோப்பு முறைமையாகிய எச்எஃப்எஸ் பிளஸ், எந்தப் பெயரையும் பிரித்த வடிவிலேயே சேமித்து வைக்கும். அங்கே கட்டிய சிப் கோப்பு அந்தப் பெயரை அப்படியே சுமந்து வந்திருக்கிறது. 2017 இல் வந்த மாக்கின் புதிய கோப்பு முறைமையாகிய ஏபிஎஃப்எஸ், தரப்பட்ட வடிவைக் காப்பாற்றிக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. சிக்கலுக்கு மாக்கை மட்டும் காரணம் சொல்லவும் முடியாது: கொம்பையும் காலையும் தனித்தனி விசைகளாகத் தட்டச்சு செய்பவரிடமிருந்தும் இதே பிரிந்த வடிவம் வரலாம்.

தீர்வு கடினமன்று. பைதனில் ‘யூனிக்கோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ சார்பு, எந்த வடிவையும் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும். பெற்றோர் கோப்புறையைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு பெயரையும் அவ்வாறு மாற்றி, உங்களிடம் உள்ள பெயரையும் மாற்றி ஒப்பிடுங்கள். பொருந்தினால், பட்டியலில் கிடைத்த அந்த மூலப் பெயரைக் கொண்டே கோப்புறையைத் திறவுங்கள், மாற்றிய பெயரைக் கொண்டல்ல. அதைவிட நல்லது, படங்களைப் பெற்றவுடன் எல்லாப் பெயர்களையும் ஒரு முறை சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுவது. பிறகு உங்கள் செய்நிரல் புதிதாக உருவாக்கும் எந்தப் பெயரும் சேர்ந்த வடிவில்தான் வட்டில் எழுதப்பட வேண்டும்.

இந்தத் தொல்லைக்காகக் கோப்புறைகளுக்கு ஆங்கிலத்தில் பெயரிடுமாறு உங்களுக்கு அறிவுரை கிடைத்திருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் தமிழில் இருப்பது பிழையன்று. ஒப்பிடும் முன் வடிவை ஒன்றாக்காததுதான் பிழை, அதைத் திருத்த இரண்டு வரிகள் போதும். நம் ஊர்ப் பெயர்களை நம் எழுத்திலேயே எழுதி, எந்த முறைமையிலும் திறந்து படிக்கும்படி செய்நிரல் எழுத உங்கள் தலைமுறை பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அடம்பனிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: விண்டோஸில் ஓடிய செய்நிரல், லினக்ஸில் ‘டேட்டா’ என்ற கோப்புறையைக் காணவில்லை என்கிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

பதில்: முதலெழுத்தைப் பாருங்கள். வட்டில் பெரிய எழுத்தும் நிரலில் சிறிய எழுத்தும் இருக்கும், அல்லது மறுதலையாக. விண்டோஸும், இயல்பான அமைப்பில் மாக்கும், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. பெயரின் கடைசியில் இடைவெளியோ புள்ளியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்: விண்டோஸ் அவற்றை உதிர்த்துவிடும், லினக்ஸ் வைத்துக்கொள்ளும்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: எங்கள் கடையின் கணக்குகளைத் தினமும் மாலையில் பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கும் செய்நிரலை லினக்ஸில் எழுதினேன். ‘எம்என்டி’ என்ற கோப்புறைக்குள் பென்னுக்கென்று ஒரு கோப்புறையை வைத்து அதில் இணைக்கிறேன். கோப்புறை இருந்தால் மட்டுமே பிரதி எடுக்கும். பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது. ஆனால் சில நாள்களின் பிரதிகள் பென்னில் இல்லை.

பதில்: அந்த நாள்களில் பென் இணைக்கப்பட்டிருக்கவில்லை. நீங்கள் உருவாக்கிய கோப்புறை கணினியின் உள்வட்டில் எப்போதும் இருப்பது. பென்னை இணைத்தால் அதன் உள்ளடக்கம் அந்த இடத்தில் தோன்றும், இணைக்காவிட்டால் வெறும் கோப்புறை அங்கே நிற்கும். ‘கோப்புறையா?’ என்று கேட்டால் இரண்டு நிலையிலும் ‘ஆம்’ என்பதே உண்மையான விடை. உங்களுக்கு வேண்டியது அக்கேள்வியன்று, அந்த இடத்தில் வேறொரு வட்டு இணைந்திருக்கிறதா என்பது. பைதனில் அதற்கு ‘இஸ்மவுண்ட்’ சார்பு உண்டு. சி மொழியில், அந்தக் கோப்புறைக்கும் அதன் பெற்றோர் கோப்புறைக்கும் ‘ஸ்டாட்’ தரும் சாதன எண்களை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பென் இணைந்திருக்கிறது. அதே செய்நிரல் விண்டோஸிலும் ஓட வேண்டுமானால், பென்னுக்குள் ஓர் அடையாளக் கோப்பை ஒரு முறை எழுதி வைத்துவிட்டு, பிரதி எடுக்குமுன் அது இருக்கிறதா என்று பாருங்கள். இது எல்லா முறைமையிலும் ஒன்றுபோல் வேலை செய்யும், வேறொருவரின் பென்னைத் தவறிச் செருகினாலும் காட்டிக்கொடுக்கும்.

காணாமற்போன பிரதிகள் அழிந்துவிடவில்லை. பென்னை முறைப்படி கழற்றிய பின் அதே கோப்புறைக்குள் பாருங்கள். அவை உள்வட்டில் அங்கேயே இருக்கும், பென் இணைந்திருக்கும்போது மட்டும் அதன் அடியில் மறைந்துவிடும். முதலில் அவற்றை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிட்டு, பிறகு பென்னை இணைத்து அதற்குள் பிரதி எடுங்கள்.